கணிப்பொறிக்குள் எண்ணும் எழுத்தும்

கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்கும் மாணவர் முதன்முதலில் செய்வது, திரையில் ஒரு சொல்லைத் தோன்றச் செய்வதே. சில நாட்கள் கழித்து, அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகத் தாமே அடுக்கி வைத்து, அடுக்கியதை மீண்டும் சொல்லாக அச்சிடுமாறு பாடம் வரும். கேட்பதற்கு மிக எளிய காரியந்தான். ஆனால் தொடக்கநிலை மாணவர் பலர் கால் இடறுவது இங்கேதான். சொல்லுக்குப் பின்னால் பொருளற்ற குறிகள் வால்போல் நீளும். அல்லது சொல் வரவேண்டிய இடத்தில் வேறேதோ வந்து நிற்கும்.

தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் வாழ்கின்ற நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் மற்றோர் இடறலும் உண்டு. பள்ளியில் அவர்கள் நிரல் எழுதக் கற்பது ஆங்கிலத்தின் வழியே. பெயரை ஆங்கிலத்தில் அச்சிட்ட பின், வீட்டில் உள்ள பெரியவர்களுக்குக் காட்டும் ஆசையில் தமிழிலும் அச்சிட்டுப் பார்ப்பர். திரையில் வருவது பாதிப் பெயரும் ஒரு கேள்விக்குறியும். தமிழ் இந்தப் பொறிக்கு ஒத்து வராது என்று பிள்ளை அப்போதே முடிவு கட்டிவிடுகிறது. வெளி மாநிலத்தில் தமிழைக் கற்பிக்க நாம் படும் பாட்டில் அந்த முடிவு ஒன்று போதும், பல ஆண்டு முயற்சியைப் பின்னுக்குத் தள்ள. அந்த முடிவு பிழையானது. அது ஏன் பிழை என்று எடுத்துச் சொல்லும் அளவுக்கு இந்தச் செய்தியை நாம் அறிந்துகொள்ளுதல் நலம்.

முதலில் கணிப்பொறியின் நினைவகம் என்பது யாது என்று காண்போம். நீண்ட தெருவில் ஒரே அளவுள்ள சிறு பெட்டிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் கதவிலக்கம் இட்டாற் போன்றது அது. ஒரு பெட்டிக்குப் பைட் என்று பெயர். அதனுள் 0 முதல் 255 வரையில் ஏதேனும் ஓர் எண்ணை வைக்கலாம். வேறெதனையும் வைக்க இயலாது. எழுத்து என்ற ஒன்றைக் கணிப்பொறி அறியவே அறியாது. ஆங்கில எழுத்தையும் அது அறியாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்துப் பெரிய எழுத்தாகிய ஏ என்பதை 65 என்ற எண்ணால் குறிப்பது என மனிதர்கள் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். ஆஸ்கி எனப்படும் அந்த உடன்பாடு 1963-இல் முதன்முதலாக வெளியாயிற்று. அதன்படி தில்லி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் டி 68, ஈ 69, எல் 76, ஹெச் 72, ஐ 73 என ஐந்து எண்கள் ஐந்து பெட்டிகளில் அமரும். இவ்வாறு அடுத்தடுத்து அமைந்த பெட்டிகளின் தொகுதியை அணி என்பர். எழுத்தைக் குறிக்கும் எண்களைக் கொண்டிருப்பதால் இதனை எழுத்தணி என்று வைத்துக்கொள்வோம்.

இனி இந்த எழுத்தணியைச் சொல்லாக அச்சிட வேண்டும். சி என்னும் நிரல்மொழியில் அச்சிடும் கட்டளைக்கு நாம் கொடுப்பது அணியின் முதற்பெட்டியின் கதவிலக்கம் மட்டுமே. கட்டளை அந்தக் கதவில் தொடங்கி, பெட்டி பெட்டியாக எண்ணை எடுத்து, அதற்குரிய வடிவத்தைத் திரைக்கு அனுப்பிக்கொண்டே செல்லும். எங்கே நிற்பது? ஐந்து பெட்டிகள்தாம் நம்முடையவை என்பது நமக்குத் தெரியும், கட்டளைக்குத் தெரியாது. ஆதலால் சொல் முடிந்த இடத்தில் 0 என்ற எண்ணை ஒரு பெட்டியில் வைத்துவிட வேண்டும் என்பது அம்மொழியின் விதி. சுழியத்தைக் கண்டதும் கட்டளை நின்றுவிடும். எண்களின் வரிசையைச் சரம் என்று நம் பாடநூல்கள் வழங்குவது பொருத்தமாகவே அமைந்துவிட்டது. பூச்சரம் தொடுப்பவர் கடைசியில் முடிச்சு இடாவிட்டால் பூக்கள் என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்த முடிச்சே இந்தச் சுழியம். நம் பழைய ஏடுகளின் இறுதியில் முற்றிற்று என்று எழுதி வைத்தனரே, அதனையும் இதற்கு ஒப்பிடலாம்.

இங்கே மாணவர்க்கு ஒரு மயக்கம் நேரும். விசைப்பலகையில் நாம் தட்டும் 0 என்னும் இலக்கமும் ஓர் எழுத்து வடிவமே. ஆஸ்கியில் அதற்குரிய எண் 48. முடிச்சாக வைக்க வேண்டியது 48 அன்று. வெறுமையைக் குறிக்கும் 0. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, சொல்லின் கடைசியில் ஓர் இலக்கத்தை ஒட்டிவிட்டு விழிப்பவர் உண்டு.

முடிச்சுக்கும் ஓர் இடம் வேண்டும் அல்லவா? ஐந்தெழுத்துச் சொல்லுக்கு ஆறு பெட்டிகள் வேண்டும். ஐந்து பெட்டிகளே உள்ள அணியில் அந்த ஐந்தெழுத்துப் பெயரை இட்டு நிரப்பினால், சி மொழியின் இலக்கணம் அதனை அனுமதிக்கிறது. முடிச்சு மட்டும் விழாது. அதன் வழிவந்த சி பிளஸ் பிளஸ் மொழி அதனைப் பிழையென்று தள்ளிவிடுகிறது. இந்த ஓர் இடத்திலாவது பிள்ளை தந்தையைவிடக் கண்டிப்பானது. முடிச்சில்லாச் சொல்லை அச்சிடச் சொன்னால், பெயர் முடிந்த பின்னரும் கட்டளை நிற்காமல், அடுத்த பெட்டிகளில் யாருடைய எண் இருக்கிறதோ அதனையெல்லாம் எழுத்தாக்கிக்கொண்டே போகும். தற்செயலாக அடுத்த பெட்டியிலே சுழியம் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகத் தோன்றும். ஆபத்து உண்மையில் அங்கேதான் இருக்கிறது. வகுப்பில் சரியாக ஓடிய நிரல் தேர்வு நாளில் பிதற்றுவதற்கு இது ஒரு காரணம்.

சொல்லின் முடிவைக் குறிக்க வேறு வழி இல்லையா என்று கேட்கலாம். உண்டு. சி மொழிக்கு முன்னோராக பிசிபிஎல் என்றொரு மொழி 1960-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாயிற்று. அதில் சொல்லின் முன்னால் அதன் நீளத்தை எழுதி வைத்தனர். பொருள்களைக் கட்டி அனுப்பும்போது மேலே எண்ணிக்கை எழுதுவதைப் போன்றது இது. ஆனால் நீளத்தை ஒரே பெட்டியில் எழுதினால் 255-க்கு மேற்பட்ட நீளம் அதில் அடங்காது. பின்னர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் பி என்ற மொழியை ஆக்கியபோது, நீளத்தை விட்டு, இறுதியில் ஒரு தனிக்குறி வைக்கும் முறையைக் கைக்கொண்டார். அதே கூடத்தில் 1972-ஆம் ஆண்டளவில் டென்னிஸ் ரிட்சி அமைத்த சி மொழியில் அந்தக் குறி சுழியமாயிற்று. இன்று உலகெங்கும் பயிலும் வழக்கத்தின் வரலாறு இவ்வளவே. இது ஒரு கூடத்தில் சிலர் தம் வசதி கருதிச் செய்த தேர்வு.

பி மொழியில் மற்றொரு சுவையான செய்தியும் உண்டு. உலகுக்கு வணக்கம் கூறும் முதற்பாட நிரலைக் கேள்விப்படாத மாணவர் இல்லை. பிரையன் கெர்னிகன் 1970-களின் தொடக்கத்தில் பி மொழிக்கு எழுதிய பாடத்தில் அது வருகிறது. அம்மொழியில் ஓர் எழுத்து மாறிலிக்குள் நான்கு எழுத்துகளே அடங்கும். ஆகையால் அவர் அந்த ஆங்கிலத் தொடரை மூன்று துண்டாக்கினார். ஹெச், ஈ, எல், எல் என ஒரு துண்டு. ஓ, காற்புள்ளி, இடைவெளி, டபிள்யூ என ஒரு துண்டு. ஓ, ஆர், எல், டி என ஒரு துண்டு. இரண்டு சொற்களை அச்சிட மூன்று கட்டளைகள். பெட்டியின் அளவுக்கேற்பச் சொல்லை வெட்டும் துன்பம் ஆங்கிலத்துக்கும் நேர்ந்ததுதான் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம்.

முடிச்சை மறப்பதனாலும் பெட்டியின் எல்லையைக் கவனியாததனாலும் வருவது வகுப்பறை வேடிக்கை மட்டுமன்று. சி மொழியில் கெட்ஸ் என்றொரு கட்டளை இருந்தது. தட்டப்படும் வரியை வாங்கி அணியில் வைப்பது அதன் வேலை. அணியில் எத்தனை பெட்டிகள் உள்ளன என்று அது கேட்பதில்லை. 1988-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் ராபர்ட் மாரிஸ் என்ற அமெரிக்க மாணவர் வலையமைப்பில் அவிழ்த்துவிட்ட நிரல், புகுந்த வழிகளுள் ஒன்று இது. 512 பெட்டிகள் கொண்ட அணிக்கு அதனினும் நீண்ட வரியை அனுப்பி, வழிந்த எண்களைக் கொண்டே அந்தப் பொறியைத் தன் வயப்படுத்தியது. ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் செயலிழந்தன. அதன் பின்னும் 23 ஆண்டுகள் கழித்து, 2011-ஆம் ஆண்டின் தரத்திலேதான் கெட்ஸ் கட்டளை சி மொழியிலிருந்து நீக்கப்பட்டது. நீளத்தை முன்னால் சொல்லும் முறையும் காவலாகிவிடவில்லை. 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீட் என்னும் குறைபாட்டில், வந்தவர் சொன்ன நீளத்தை நிரல் அப்படியே நம்பி, ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரையில் தன் நினைவகத்தில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தது. கடவுச்சொற்களும் இரகசியத் திறவுகளும் அதில் அடக்கம்.

ஜாவா மொழியில் பயில்பவர்க்குச் சுழியத்தின் கவலை இல்லை. அங்கே அணி தன் நீளத்தைத் தானே அறியும். எழுத்தணியை மட்டும் அச்சிடச் சொன்னால் சொல்லாகவே அச்சிடும். ஆனால் அதற்கு முன்னால் வேறொரு சொல்லைக் கூட்டல் குறியால் ஒட்டினால், பகர அடைப்பும் சி எழுத்தும் மின்னஞ்சல் முகவரியில் வரும் அட் குறியும் சில எண்களுமாக ஒரு புதிர் வந்து நிற்கும். ஒட்டும்போது அந்த மொழி அணியின் உள்ளடக்கத்தை எடுத்துக்கொள்ளாது. அணியின் வகையையும் ஓர் அடையாள எண்ணையும் மட்டுமே எடுத்துக்கொள்ளும். வீட்டில் உள்ளவர் பெயரைக் கேட்டால் கதவிலக்கத்தைச் சொல்வது போன்ற விடை. அணியை முதலில் சரமாக மாற்றி, பிறகு ஒட்டினால் தீர்ந்தது.

இனித் தமிழுக்கு வருவோம்.

ஒரு பெட்டியில் 256 எண்களே வைக்கலாம் என்றோம். அதில் பாதி ஆங்கிலத்துக்கும் அதன் குறிகளுக்கும் போய்விட்டது. எஞ்சிய பாதியைத் தமிழுக்கு எனப் பயன்படுத்திக்கொண்ட முறைகள் 1990-களில் பல இருந்தன. எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தமக்கெனத் தனி அடுக்கு வைத்திருந்தனர். சென்னையிலிருந்து வந்த மின்னஞ்சலை மும்பையில் திறந்தால் அதே எழுத்துரு இல்லாதவரை அது புரியாத குறிகளின் குவியலே. 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் பொது அமைப்பு வகுத்தது. பின்னர் யூனிகோட் என்ற ஒருங்குறி பரவி, உலகமொழிகளுக்கெல்லாம் பொதுவான எண் வரிசையை நிலைநாட்டிற்று. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். த என்ற எழுத்துக்கு 2980.

2980 என்ற எண் 255-இல் அடங்காது. அப்படியானால் அதனைப் பெட்டிகளில் வைப்பது எங்ஙனம்? இதற்கு விடை கண்டவருள் ஒருவர், பி மொழியை ஆக்கிய அதே கென் தாம்சன். 1992-ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூ ஜெர்சியின் ஓர் உணவு விடுதியில் மேசைத் தாளின் மீது அவரும் ராப் பைக்கும் வகுத்த முறையே யூடிஎஃப் 8. அதன்படி ஆங்கில எழுத்து முன்போலவே ஒரு பெட்டியில் இருக்கும். தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பெட்டிகளில் பிரித்து வைக்கப்படும். முதற்பெட்டியில் 224, இரண்டாவதில் 174 அல்லது 175, மூன்றாவதில் 128 முதல் 191 வரையில் ஓர் எண். தேவநாகரி, வங்காளம், குசராத்தி, தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய எழுத்துகளுக்கும் இதே மூன்று பெட்டிக் கணக்குத்தான். தமிழுக்கென்று தனி அநீதி எதுவும் இல்லை. நம் பிள்ளையோடு ஒரே இருக்கையில் அமர்ந்திருக்கும் இந்திக்காரப் பிள்ளைக்கும் வங்காளிப் பிள்ளைக்கும் இதே நிலைதான். இந்த முறையின் சிறப்பு யாதெனில், எந்த எழுத்தின் நடுவிலும் 0 என்ற எண் வராது. ஆகவே சுழியத்தை முடிச்சாகக் கொண்ட பழைய கட்டளைகள் யாவும் தமிழ்ச் சொல்லையும் பழுதின்றி அச்சிடும்.

ஆயின் பெட்டியின் கணக்கு மாறிவிடுகிறது. தில்லி என்ற பெயர் ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து. தமிழில் தி, ல், லி என மூன்றே எழுத்து. ஒருங்குறியிலோ தகரம், இகரக் குறி, லகரம், புள்ளி, லகரம், இகரக் குறி என ஆறு குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பெட்டி வீதம் 18; முடிச்சோடு 19. ஆங்கிலத்துக்கு ஆறு போதுமாயிருந்தது.

இப்பொழுது பிள்ளையின் நிரலைப் பார்ப்போம். பெயருக்கு 20 பெட்டிகள் போதும் என்று எழுதியிருக்கும். பாடநூலில் அப்படித்தான் இருக்கும். மீனாட்சிசுந்தரம் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 17 எழுத்து, முடிச்சோடு 18, அடங்கிவிடும். தமிழில் அது 9 எழுத்து, 16 குறியீடு, 48 பெட்டி, முடிச்சோடு 49. இருபது பெட்டி அணியில் முடிச்சு போக 19 பெட்டிகள் உள்ளன. மீனாட் என்பது வரையில் 18 பெட்டிகள் நிறைகின்றன. பத்தொன்பதாவதில் சகரத்தின் முதற்பெட்டியாகிய 224 மட்டும் வந்து தனித்து நிற்கிறது. திரையில் மீனாட் என்றும், அதன் பின் கறுப்பு வைரக்கட்டத்துள் ஒரு கேள்விக்குறியும் தோன்றும். எல்லையைக் காக்கும் கட்டளையைப் பயன்படுத்தினால் வரும் விளைவு இது. காக்காத கட்டளையானால் எஞ்சியவை அடுத்தவர் பெட்டியில் போய் விழும்.

இதனினும் தீயது, கேள்விக்குறியே தோன்றாத வெட்டு. குமார் என்ற பெயர் ஆறு குறியீடு, 18 பெட்டி. 16 பெட்டி அணியில் இட்டால் 15 பெட்டிகளோடு வெட்டு சரியாகக் குறியீட்டின் எல்லையில் விழுகிறது. விடுபடுவது கடைசிப் புள்ளி மட்டுமே. திரையில் குமார என்று அழகாக வரும். பார்ப்பவர்க்குப் பிழையென்றே தோன்றாது. பெயரின் உரியவருக்கே தெரியும், அது தம் பெயர் அன்று என்பது. வெளி மாநிலங்களில் விண்ணப்பம்தோறும் முதலெழுத்து எங்கே, குடும்பப்பெயர் எங்கே என்று போராடிப் பழகியவர்கள் நாம். பெயரில் ஒரு புள்ளி விடுபட்டால் பள்ளிச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் இடையே எத்தனை நடை நடக்க வேண்டியிருக்கும் என்பதை நாம் அறிவோம். அத்தகைய நிரல்களை நாளை எழுதப்போகிறவர்கள் இன்று வகுப்பில் எழுத்தணி பயில்கின்ற பிள்ளைகளே.

திரையில் தமிழ் பழுதுபட்டுத் தோன்றும்போது, பழுது எத்தகையது என்பதை உற்றுப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். வெற்றுச் சதுரங்கள் வரிசையாகத் தோன்றினால் எண்கள் சரியாகவே இருக்கின்றன. அந்தச் சாளரத்துக்குத் தமிழ் எழுத்துரு கிடைக்கவில்லை. வைரக்கட்டக் கேள்விக்குறி வந்தால் மூன்று பெட்டிகளின் நடுவே எங்கோ வெட்டு விழுந்திருக்கிறது. தலையில் சாய்கோடு தாங்கிய ஆங்கில ஏ எழுத்தும் வட்டத்துக்குள் அடைபட்ட ஆர் எழுத்தும் மாறி மாறி வருகின்றனவா? அதற்கும் பொருள் உண்டு. பழைய மேலைநாட்டுக் குறியீட்டு முறையில் 224 என்பது அந்த ஏ. 174 என்பது அந்த ஆர். அதாவது தமிழின் எண்களை வேறோர் உடன்பாட்டின்படி படித்துக்கொண்டிருக்கிறது பொறி. எண்ணில் பிழையில்லை, படிக்கும் முறையை மாற்றினால் தமிழ் தானாகத் தோன்றும். முன்னாளில் ஏட்டுச் சுவடிகளில் புள்ளி இடாமல் எழுதியதைப் படிப்பவர் தம் அறிவால் திருத்தி வாசித்தனர். கணிப்பொறிக்கு அந்த அறிவு இல்லை. எந்த முறைப்படி படிப்பது என்று நாம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எழுத்தணிப் பாடத்தில் வழக்கமாக வரும் மற்றொரு பயிற்சி, ஒரு சொல்லைத் திருப்பி அச்சிடுவது; திருப்பினாலும் அச்சொல்லே வருகிறதா என்று பார்ப்பது. தமிழர்க்கு இது புதிதன்று. மாலைமாற்று என்று இதற்கு நாம் பெயரே வைத்திருக்கிறோம். திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் அவ்வகையில் பாடியிருக்கிறார். விகடகவி என்ற சொல் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த எடுத்துக்காட்டு. அந்தச் சொல்லைக் கணிப்பொறியிடம் கொடுத்து, திருப்பினாலும் இதுவேதானா என்று கேட்டால், இல்லை என்று விடை வரும்! பெட்டி பெட்டியாகத் திருப்பினால் எண்களெல்லாம் குலைந்து எழுத்தே தோன்றாது. ஒருங்குறிக் குறியீட்டின்படி திருப்பினாலும் பயனில்லை. வகரம், இகரக் குறி, ககரம், டகரம், ககரம், வகரம், இகரக் குறி என ஏழு குறியீடுகள் அதில் உள்ளன. திருப்பும்போது இகரக் குறி தலையில் வந்து, ஒட்டுவதற்கு எழுத்தின்றி நிற்கும். மற்றோர் இகரக் குறி வகரத்தை விட்டு நடுவிலுள்ள ககரத்தோடு போய்ச் சேரும். வி என்பதைப் பிரியாத ஓர் எழுத்தாகக் கொண்டு திருப்பினால்தான் விகடகவி விகடகவியாகும்.

இங்கே தமிழ் படித்தவர்க்கு ஒரு நுட்பம் விளங்கும். நம் இலக்கணப்படி மெய்யெழுத்தே அடிப்படை. க் என்பதோடு அகரம் சேர்ந்து க ஆகிறது. ஒருங்குறி வரிசையோ தலைகீழாக வைத்திருக்கிறது. 1988-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி முறையைப் பின்பற்றி, அகரமேறிய க என்பதையே அடிப்படையாக்கி, புள்ளியைத் தனிக் குறியீடாக வைத்தது. ஆகவே அகரம் சேர்ந்த க மூன்று பெட்டியிலும், அகரம் இல்லாத க் ஆறு பெட்டியிலும் அமர்கின்றன. உயிரை நீக்கினால் இடம் கூடுகிறது. இந்த அமைப்பு நமக்கு ஏற்றதன்று என்று வாதிட்டவர்கள், எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் டேஸ் 16 என்ற முறையை வகுத்தனர். 2010-இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை முதன்மைத் தரமாகவும் டேஸ் 16-ஐ மாற்றுத் தரமாகவும் ஏற்றது. இலக்கணத்தோடு பொருந்துவது டேஸ் 16 என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு, பக்கத்து வீட்டாரின் கைப்பேசியிலும் அயல்நாட்டு நண்பரின் பொறியிலும் அப்படியே தெரிகின்ற முறைதான் உதவுகிறது. அந்த வகையில் ஒருங்குறியை விட வேறு வழியில்லை.

ஸ்விஃப்ட் என்னும் புதிய மொழி, தில்லி என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால், மூன்று என்று நம் கணக்கையே சொல்லும். பைத்தான் ஆறு என்னும். சி மொழி 18 என்னும். மூன்றும் பொய்யன்று; ஒன்று எழுத்தை எண்ணுகிறது, ஒன்று குறியீட்டை எண்ணுகிறது, ஒன்று பெட்டியை எண்ணுகிறது. மத்திய வாரியப் பள்ளிகளில் முன்னர் சி பிளஸ் பிளஸ் பயிற்றினர். இப்போது பைத்தான் பயிற்றுகின்றனர். அண்ணன் பெற்ற விடையும் தம்பி பெறும் விடையும் ஒரே வீட்டில் மாறுபடுவதற்கு இதுவே காரணம்.

பெட்டிகளை எத்தனை வைப்பது என்று பிள்ளை கேட்டால், தமிழ் எழுத்து ஒன்றுக்கு ஆறு வீதம் பெருக்கி, முடிச்சுக்கு ஒன்று கூட்டச் சொல்லலாம். சில விலக்குகள் உண்டு. கொ என்பதை ஒரே துணைக்குறியாலும் எழுதலாம். கொம்பும் காலும் தனித்தனியாக இட்டும் எழுதலாம். கண்ணுக்கு வேற்றுமை இல்லை. பெட்டிகள் ஆறும் ஒன்பதும். ஸ்ரீ என்பது பன்னிரண்டு பெட்டி. அதையும் ஸகரத்தைக் கொண்டு எழுதுவது ஒரு வகை, 2005-இல் ஒருங்குறியில் சேர்ந்த தாலவிய சகரத்தைக் கொண்டு எழுதுவது மற்றொரு வகை. ஸ்ரீதர் என்ற பெயரைப் பட்டியலில் தேடிக் கிடைக்கவில்லையென்றால், பெயர் இல்லை என்று உடனே நினைத்துவிட வேண்டாம். வேறு எண்களால் எழுதப்பட்டிருக்கலாம். 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தெலுங்குக் கூட்டெழுத்து ஒன்றைக் காட்ட முயன்ற ஐபோன்களில் செயலிகள் நின்றுபோயின. உலகின் பெரிய நிறுவனங்களே இன்னும் இந்திய எழுத்தைப் பயின்றுகொண்டிருக்கின்றன என்பதற்கு இது சான்று. தமிழ் எழுத்தின் அமைப்பை வீட்டில் கற்ற பிள்ளைக்கு இந்தத் துறையில் ஒரு முன்னறிவு இருக்கிறது. அதன் ஆசிரியர்க்கே அது இல்லாமற் போகலாம்.

இப்பேச்சைக் கேட்டபின் வீட்டில் செய்து பார்ப்பதற்கு ஒரு சிறு பயிற்சி சொல்வோம். தில்லி என்று தமிழில் ஓர் எழுத்தணியில் இட்டு, அதனைச் சொல்லாக அச்சிடாமல், பெட்டி பெட்டியாக எண்ணாக அச்சிடச் சொல்லுங்கள். 224, 174, 164 என்பது தகரம். 224, 174, 191 என்பது இகரக் குறி. 224, 174, 178 என்பது லகரம். 224, 175, 141 என்பது புள்ளி. பின்னர் லகரமும் இகரக் குறியும் மீண்டும் வரும். சில பொறிகளில் 224 என்பதற்கு மாறாகக் கழித்தல் 32 என்றும், 174 என்பதற்கு மாறாகக் கழித்தல் 82 என்றும் வரலாம். அஞ்ச வேண்டியதில்லை. அங்கே பெட்டியின் எண்ணை 127-க்கு மேல் போனால் எதிர்மறையாகக் கொள்ளும் வழக்கம் இருக்கிறது; 256-ஐக் கூட்டிக்கொண்டால் பழைய எண்ணே கிடைக்கும். அணியை அறிவிக்கும்போதே எதிர்மறை இல்லாத வகை என்று குறித்துவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை. பதினெட்டு எண்களும் வந்தபின், பத்தொன்பதாவது பெட்டியையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதில் 0 இருக்கும்.